பார்னி விலெனின் இசைத்தட்டுகள்

கலைஞர் ஒருவரின் புகழே சில வேளைகளில் அவருக்குப் பகையாகி விடுவதுண்டு. ஒரு படைப்பு உலகறிந்ததாகி விட்டால், ஏனையவை அதன் நிழலில் மறைந்து போகின்றன. பிரெஞ்சு நாட்டுச் சாக்ஸபோன் கலைஞர் பார்னி விலெனுக்கு (1937–1996) நேர்ந்தது இதுவேயாம்.

தென்பிரான்சின் நீஸ் நகரில், அமெரிக்கத் தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் பிறந்தவர் விலென். 1957 டிசம்பரில், அமெரிக்கக் கறுப்பின இசைமேதை மைல்ஸ் டேவிஸ் பாரிசில் ஒரு திரைப்படத்திற்கு இசை வழங்கினார். லூயி மால் இயக்கிய அப்படத்தின் பெயரைத் தமிழில் ‘தூக்குமேடைக்கு மின்தூக்கி’ எனலாம். ஐவர் அடங்கிய அக்குழுவில் 20 வயது விலெனும் இருந்தார். திரையில் காட்சிகள் ஓட, அவற்றைப் பார்த்தவாறே கலைஞர்கள் தத்தம் உள்ளத்தில் தோன்றியதை வாசித்தனர். ஓரிரவில் முடிந்த அவ்வொலிப்பதிவு பெரும்புகழ் எய்திற்று. ஜாஸ் வரலாறு கூறுவோர் பலர் விலெனை அவ்விரவோடு விட்டு விடுவர்.

ஆயின், அவருடைய பிற்காலத் தட்டுகளை ஆண்டு வரிசையில் கேட்போர்க்கு வேறோர் உண்மை புலப்படும். 1960களில், வகுத்த தாளக்கட்டையும் சுரக்கட்டையும் கடந்து வாசிக்கும் ‘கட்டற்ற ஜாஸ்’ என்னும் புதுநெறி ஐரோப்பாவில் பரவியது. விலெனும் அந்நெறியில் புகுந்தார். 1966இல் வெளியான ‘இராசிமண்டலம்’ என்னும் தட்டு பன்னிரு இராசிகளைப் பொருளாகக் கொண்டது. 1967இல் செருமனியில், சித்தார்க் கலைஞர் திவான் மோதிஹார், தபலாக் கலைஞர் கேசவ் சாத்தே ஆகியோருடன், ஐரோப்பிய ஜாஸ் கலைஞர் சிலரும் விலெனும் சேர்ந்து ‘ஜாஸ் இந்தியாவைச் சந்திக்கிறது’ என்னும் தட்டைப் பதிவு செய்தனர்.

இவற்றினும் துணிவு மிக்கது அடுத்த முயற்சி. 1967 மே 7ஆம் நாள் மொனாக்கோவில் நடந்த கார்ப் பந்தயத்தின் ஒலிகளை விலென் நாடாவில் பதிந்தார். அப்பந்தயத்தின் 82ஆம் சுற்றில் இத்தாலிய வீரர் லொரென்சோ பந்தீனியின் கார் மோதித் தீப்பற்றியது. மூன்று நாள் கழித்து அவர் உயிர் நீத்தார். அந்நாடாவை ஒலிக்கவிட்டு, அதன் எதிரே தம் குழுவினருடன் விலென் வாசித்த இசை 1968இல் தட்டாக வெளிவந்தது. ஒருவரின் இறுதி ஓட்டத்தை இசைக்குப் பொருளாக்குவது முறையா என்னும் ஐயம் எழுவது இயல்பே. ஆயினும் இயந்திர முழக்கம் வெறும் வேடிக்கையாய் நில்லாது, இறந்தவனை நினைவில் நிறுத்துகின்றது. இதனை ஒலியால் ஆகிய கையறுநிலை என்றே கொள்ளலாம்.

அதே ஆண்டில் ராக் இசையைத் தழுவிய தட்டொன்றும் வந்தது. பின்னர் விலென் ஆப்பிரிக்கப் பயணம் மேற்கொண்டார். ஆங்கு வழியெங்கும் பதிந்த குரல்களையும் கொட்டொலிகளையும் தம் இசையோடு இணைத்து, 1972இல் ‘மோஷி’ என்னும் இரட்டைத் தட்டை வெளியிட்டார். இது பியேர் பாரூவின் சராவா நிறுவனம் வெளியிட்டது.

இங்ஙனம் தட்டுக்குத் தட்டு மாறியதால், நிலையற்றவர் என விலெனைக் குறை கூறுவாரும் உண்டாகலாம். ஊன்றி நோக்கின், 1957இன் அவ்விரவில் பயின்ற பாடத்தையே அவர் வாழ்நாள் முழுதும் வளர்த்தார் என்பது தெளிவாகும். தமக்கு எதிரே உள்ளதைக் கூர்ந்து கேட்டு, அதற்கு மறுமொழி கூறுவதே அப்பாடம். அன்று எதிரே இருந்தது திரை. பின்னர்ச் சித்தாரும், கார் இயந்திரமும், பாலைவழி மக்களின் குரலும் அவ்விடத்தில் நின்றன.

1980களில் பாரங்கோ என்பவர் எழுத, லுஸ்தால் என்பவர் ஓவியம் தீட்ட, விலெனைத் தழுவி ‘பார்னியும் நீலச் சுரமும்’ என்னும் சித்திரக் கதை வெளிவந்தது. விலென் அதற்கும் மறுமொழி தந்தார். 1987இல் ‘நீலச் சுரம்’ என்னும் பெயரிலேயே ஒரு தட்டு வெளியிட்டார். அதன் பின்னரே இளந்தலைமுறையினர் அவர்பால் மீண்டும் திரும்பினர்.

ஒலிப்பதிவு தோன்றிய பின்னர், இசை வரலாற்றுக்குத் தட்டுகளே ஏடுகளாயின. ஓரேட்டை மட்டும் படித்து நூலை மதிப்பிடுதல் பொருந்தாது. விலெனின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1957இல் தொடங்கலாம். ஆங்கேயே முடித்து விடலாகாது.