புல்லாங்குழலில் மைனர் ஸ்வர வரிசை: கீரவாணி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

தைப்பிங்கில் ஏபிஆர்எஸ்எம் புல்லாங்குழல் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மைனர் ஸ்வர வரிசை மலைப்பாக இருக்கலாம். தேர்வில் அதைத் தாளைப் பார்க்காமல் வாசிக்க வேண்டும். ஆனால், கர்நாடக இசை கற்றவர்களுக்கு அது புதிதல்ல.

இயல்பான மைனர் 20ஆவது மேளமான நடபைரவி. அதன் நிஷாதத்தை அரை ஸ்வரம் உயர்த்தினால் ஹார்மோனிக் மைனர். அதுவே 21ஆவது மேளமான கீரவாணி. மெலோடிக் மைனர் ஏறும்போது 23ஆவது மேளமான கௌரிமனோகரி, இறங்கும்போது நடபைரவி.

ஆர்பெஜியோ என்பது ச, க, ப, மேல் ச எனத் தாண்டி வாசிப்பது. ‘ஏ’ மைனரில் ஏ, சி, ஈ, ஏ. அந்தர காந்தாரம் வந்தால் மேஜர்; சாதாரண காந்தாரம் வந்தால் மைனர். மூங்கில் குழலில் இந்தக் காந்தாரத்துக்கு முதல் துளையைப் பாதி மூடுகிறோம். மேல்நாட்டுக் குழலில் விசைகளே அரை ஸ்வரங்களைத் தந்துவிடும்.

பயிற்சி முறை:

1. முதலில் ஸ்வரங்களை வாயால் பாடுங்கள்.
2. மெதுவாக, ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் தட்டி வாசியுங்கள். பிறகு ஒரே மூச்சில் இணையுங்கள்.
3. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது பலமாக ஊதாமல், உதட்டு இடைவெளியைச் சிறிதாக்குங்கள்.
4. பிழையின்றி வந்த பிறகே வேகத்தைக் கூட்டுங்கள்.

தேர்வுக்காகப் பிள்ளையின் கர்நாடக இசை வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். அங்கே பழகிய காதுதான் தேர்வு அறையிலும் கைகொடுக்கும்.