எழுது: ஓவியரிடம் பிறந்த சொல்

உந்தியில் காற்று எழுகிறது; அது ஒலியாகிறது; எழுவதால் அதற்கு எழுத்து என்று பெயர்; அந்த எழுத்தை இடும் செயலே எழுதுதல். இப்படியொரு சொற்பிறப்பு மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது. கேட்க இனிமையாக இருப்பதால் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. அண்மையில் ஒரு மலரில் ஒரு புலவர் இதையும் தாண்டிப் போயிருக்கிறார். எழுது என்பது ஒலியைப் பதிவதற்கே உரிய சொல்லாம். ஓவியத்துக்கு அதை ஆண்டது பிற்காலக் கவிஞர்களின் வழுவாம். உண்மை இதற்கு நேர் எதிரானது. சங்கப் பாடல்களைப் படித்தவர் எவரும் இப்படி எழுதத் துணிய மாட்டார்.

முதலில் இலக்கணம். கருது என்னும் வினையிலிருந்து கருத்து வந்தது. அதே வாய்பாட்டில்தான் எழுது என்னும் வினையிலிருந்து எழுத்து வந்தது. வினை தாய், பெயர் மகள். மகளிடமிருந்து தாயைப் பிறப்பிக்க முடியாது. எழு என்பதன் பிறவினை வேண்டுமென்றால் தமிழில் எழுப்பு இருக்கிறது. ஒலியை எழுப்புகிறோம், ஒலியை எழுதுவதில்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியலைத் துணைக்கு அழைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்த இயல் ஒலி பிறக்கும் இடத்தைச் சொல்கிறது, சொல் பிறந்த இடத்தைச் சொல்லவில்லை. அதே தொல்காப்பியர்தான் மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்றார். புள்ளியைக் காதால் கேட்க முடியுமா? அவர் காலத்திலேயே எழுத்து என்ற சொல்லுக்குள் கண்ணுக்குத் தெரியும் வடிவம் இருந்தது.

இனி நூல்களுக்கு வருவோம். திருக்குறளில் 1127ஆம் குறளில் ஒரு பெண் கண் எழுதாமல் இருக்கிறாள். காதலர் கண்ணுக்குள் இருப்பதால், மை இட்டால் அவர் மறைந்துவிடுவார் என்று அஞ்சுகிறாள். 1285ஆம் குறளில் மை எழுதும் கோல் வருகிறது. எழுதும்போது கண்ணுக்கு அந்தக் கோல் தெரிவதில்லை என்பது உவமை. இரண்டிலும் வள்ளுவர் ஆளும் வினை எழுது. பூசு, தீட்டு, இடு எல்லாம் அவர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தவைதாம். சங்கத் தலைவன் தலைவியின் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் கொடியும் கரும்பும் இடுவானே, அந்தத் தொய்யிலுக்கும் வினை எழுதுதான். இங்கெல்லாம் ஒலி எங்கே இருக்கிறது?

எல்லாவற்றுக்கும் மேலான சான்று பரிபாடலின் 19ஆம் பாடல். பாடியவர் நப்பண்ணனார், இடம் திருப்பரங்குன்றம். குன்றுக்கு வந்த மக்கள் ஒரு மண்டபத்தில் நின்று சுவரைப் பார்க்கிறார்கள். ஒருவர் கேட்கிறார், மற்றவர் விளக்குகிறார்: இவள் இரதி, இவன் காமன், பூனையாகி நிற்பவன் இந்திரன், இவள் அகலிகை, இவன் கௌதமன், சினத்தால் அவள் கல்லானது இப்படி. பார்த்தவர்களும் சுட்டியவர்களும் சூழ்ந்த அந்த இடத்துக்குப் புலவர் தரும் பெயர் எழுத்துநிலை மண்டபம். அந்த மண்டபத்தில் படித்தறிய வேண்டிய வரி எதுவும் பேசப்படவில்லை, பேசப்படுவதெல்லாம் உருவங்கள். ஓவியக் கூடத்துக்கு எழுத்துநிலை என்று ஊரறியப் பெயர் இருந்த காலத்தில், எழுது ஓவியச் சொல்லா இல்லையா என்று கேட்பதே வீண்.

அக்கால ஓவியரைப் பற்றி நமக்கு நன்றாகவே தெரியும். நற்றிணை 118ஆம் பாடல் பாதிரிப் பூவை, ஓவமாக்கள் அரக்கு நிறம் தோய்த்த துகிலிகைக்கு ஒப்பிடுகிறது. மதுரைக்காஞ்சி அவர்களைக் கண்ணுள் வினைஞர் என்கிறது. பார்ப்பவர் கண்ணுக்குள் தம் தொழிலை நிறுத்துபவர் என்று அதற்கு உரை சொன்னார்கள். பாண்டியன் ஒருவன் சித்திரமாடத்தில் துஞ்சியதால் அந்த மாடமே அவன் பெயருக்கு அடையாயிற்று. மணிமேகலை ஓவியச் செந்நூல் என்று ஒரு கலைநூலையே குறிக்கிறது. இப்படித் தழைத்த ஒரு தொழிலுக்கென்று ஒரு வினைச்சொல் இல்லாமல், எழுத்தரிடம் கடன் வாங்கினார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள்.

எதிர்த்தரப்புக்கு ஓர் உண்மை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஐங்குறுநூற்றில் எழுத்துடைய நடுகல் வருகிறது. குறுந்தொகை 156 வேதத்தை எழுதப்படாத கல்வி என்கிறது. ஆகவே சங்க காலத்திலேயே இரண்டு பொருளும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. எது முந்தியது என்பதே வழக்கு.

அதற்கு, பழந்தமிழன் எழுத்தை எப்படி உண்டாக்கினான் என்று பார்க்க வேண்டும். மாங்குளத்தில் பாறையில் வெட்டினான். கொடுமணலிலும் கீழடியிலும் பானை ஓட்டில் கூரிய முனையால் கீறினான். ஓலையில் எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவினான். அப்போதுதான் எழுத்து கண்ணுக்குத் தெரிந்தது. கையின் செயலைப் பார்த்துப் பெயர் வைத்திருந்தால் வெட்டு, பொறி, கீறு ஆகிய மூன்றில் ஒன்று எழுதுவின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். கல்வெட்டு, பொறிப்பு என்று அவை தத்தம் இடத்தில் இன்றும் இருக்கின்றன. ஆனால் பொதுச் சொல்லாகத் தமிழன் தேர்ந்தது எழுது.

மற்ற மொழிகள் பல கையின் செயலையே பெயராக்கின. கிரேக்கரின் கிராஃபெயின் முதலில் கீறல். பிறகு எழுத்து, ஓவியம் இரண்டும். அவர்களிடம் ஓவியன் ஜோகிராஃபோஸ், அதாவது உயிருள்ளவற்றை எழுதுபவன். இலத்தீனின் ஸ்கிரிபெரே கீறல். ஆங்கிலத்தின் ரைட் பழைய நாளில் கீறலே. அதன் உடன்பிறப்பான ஜெர்மன் ரைசன் இன்று கிழிப்பது என்று பொருள்படுகிறது, ஆனால் கட்டட வரைபடத்துக்கு இன்றும் அவர்கள் சொல்லும் பெயரில் அந்த வேர் இருக்கிறது. சமஸ்கிருதத்தின் லிக் கீறல். ரேகையும் லேகையும் அதன் வழி வந்தவை. ஓவியத்துக்கு ஆலேக்யம் என்று பெயர். மிதிலைப் பெண்கள் மணமக்கள் அறைச் சுவரில் கோஹ்பர் என்னும் ஓவியம் இடுவதை இன்றும் 'எழுதுதல்' என்றே தம் மொழியில் சொல்கிறார்கள். ஜப்பானியரிடம் எழுதுவதும் காகு, வரைவதும் காகு, சொறிவதும் காகு. எழுத்துருவில் மட்டும் பிரித்துக் காட்டுகிறார்கள்.

எழுதுவைக் கீறல் குடும்பத்தில் சேர்க்க முடியாது. மையும் சந்தனமும் கீறப்படுபவை அல்ல. அதற்கு உறவு வேறொரு குடும்பத்தில் இருக்கிறது. இருக்கு வேத மொழியில் பிஶ் என்றால் அணி செய்தல், செதுக்கி அழகாக்குதல். அதே வேர் கிரேக்கத்தில் பொய்கிலோஸ்: பலநிறமுடையது. இலத்தீனில் பிங்கெரே: வண்ணத்தால் ஓவியம் செய்தல். பழம்பாரசீகம் வழியாக இன்றைய பாரசீகத்தில் நவிஷ்தன்: எழுதுதல். ரஷ்ய மொழியில் பிசாத்: எழுதுதலும் ஓவியம் செய்தலும். ரஷ்யத் திருச்சபையில் புனிதர் உருவத்தை 'எழுதினேன்' என்றுதான் ஓவியர் சொல்வார். ஆக, அழகு செய்தல் ஓவியமாகி, ஓவியம் எழுத்தாவது மனித மொழி நடந்து காட்டிய பாதை. கோத்திய மொழியிலும் இதற்கு அருகிலான ஒன்று நடந்தது: 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா பைபிளைப் பெயர்த்தபோது எழுதுதலுக்கு ஆண்ட மேல்யான், ஜெர்மன் மொழியில் வண்ணம் தீட்டும் மாலனின் நெருங்கிய உறவு. ஜாவாவில் கையால் உருகிய மெழுகு இட்டுச் செய்யும் துணிக்குப் பாத்தேக் துலிஸ் என்று பெயர். துலிஸ் என்றால் எழுது.

வெளியே இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்களுக்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. புனை என்ற சொல்லைப் பாருங்கள். பூவைப் புனைவது அழகு செய்வது. நெடுநல்வாடையில் அரசி, புனையா ஓவியம்போல இருக்கிறாள். வண்ணம் ஏற்றாமல் கோட்டளவில் நிற்கும் ஓவியம் அது. அங்கே புனைதல் என்றால் வண்ணம் தீட்டுதல். பிறகு அதே சொல் செய்யுளுக்குப் போயிற்று. இன்று புனைகதை, புனைபெயர் என்று எழுத்துக்கே உரியதாகிவிட்டது. அழகு, வண்ணம், எழுத்து என்ற மூன்று படியும் ஒரே சொல்லில் நம் கண்முன்னே ஏறியிருக்கின்றன. எழுது ஏறிய படிகளும் இவையே.

அப்படியானால் எழுதுவின் அழகு எங்கே? எழிலில். எழில், எழுது இரண்டும் ஒரே அடியின் கிளைகள் என்பது என் துணிபு. எழில் சேர்ப்பதே எழுதுதல். கண்ணுக்கும் தோளுக்கும் சுவருக்கும் அது பொருந்துவதைப் பாருங்கள்; பானை ஓட்டில் உடையவன் பெயரைக் கீறியதற்குப் பொருந்தாது. அந்தக் கீறலுக்கு இப்பெயர் பின்னால் ஏறியது. உரையாசிரியர்கள் எழிலுக்கு எழுச்சி என்று பொருள் சொல்வதுண்டே, அப்போது எழுதுவும் எழுவிடம்தானே போய்ச் சேருகிறது என்று கேட்கலாம். சேரட்டும். ஆனால் போன வழி எழில் வழி. உந்திக் காற்றின் வழி அல்ல. எழினியை நான் இங்கே இழுக்கவில்லை. அது எழுந்து இறங்கும் திரை, அதை எழுவே வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு கூட்டம் இழு என்பதிலிருந்து எழுதுவைக் கொண்டுவருகிறது. ஆங்கிலத்தின் ட்ரா இழுப்பது, பாரசீகத்தின் கஷீதன் இழுப்பது, உருதுக்காரர் படத்தையே 'இழுக்கிறார்கள்', ஆகவே நாமும் இழுத்தோம் என்பது வாதம். தமிழில் கோட்டை இன்றும் இழுக்கிறோம். இழு என்ற சொல் சேதாரமில்லாமல் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது அது எதற்கு எழுதுவாகத் திரிய வேண்டும்? மையையும் குழம்பையும் நிறைக்கும் செயலுக்கு இழுப்பு பொருந்தவும் இல்லை.

கோடு என்றதும் வரை வருகிறது. வரையின் முதற்பொருள் எல்லை. மலைக்கு வரை என்று பெயர். மதில் சூழ்ந்த இடம் வரைப்பு. ஒருத்தியை ஒருவனுக்கு உரியவளாக்குவது வரைவு. எல்லைக் கோட்டிலிருந்துதான் அது படத்துக்கு வந்தது. இதற்கு ஒரு துணை சீனத்தில் இருக்கிறது. கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த ஷுவோவென் என்னும் அகராதி, ஓவியத்தைக் குறிக்கும் ஹுவா என்ற எழுத்துக்கு எல்லை என்றே பொருள் தருகிறது: வயலின் நான்கு எல்லைகள், அவற்றை இடும் தூரிகை. நம் வரைக்கு இதைவிடப் பொருத்தமான உரை வேறில்லை.

வரை தென்னாட்டில் பலவாறு பிரிந்தது. கன்னடத்தில் பரெ, எழுதுவதும் படம் வரைவதும் அதுவே. தெலுங்கில் வ்ராயு, இன்று ராயு, இப்போது பெரும்பாலும் எழுதுவது. படத்துக்குத் தெலுங்கர் கீயு என்கிறார்கள். அது நம் கீறு. ஈழத்தில் படம் கீறுதல் என்றே சொல்கிறார்கள். அதைக் கொச்சை என்று இங்கே சிலர் சிரிப்பது அறியாமை; அது பழைய தென்னிந்தியச் சொல், கிராஃபெயினுக்கும் லிக்குக்கும் இணையான நேர்மையான சொல். தீட்டு தனிக் கதை: கத்தியையும் அரிசியையும் தீட்டுவதிலிருந்து ஓவியத்துக்கும், அங்கிருந்து கைத்தீட்டு என்று ஆவணத்துக்கும் போனது, மலையாளத்தில் அரச ஆணைக்குத் தீட்டூரம் என்று பெயராயிற்று. படம் என்பதோ துணி. நெடுநல்வாடையில் மெழுகு பூசிய படத்தின்மேல்தான் திங்களோடு உரோகிணி எழுதப்பட்டிருக்கிறாள். துணியின் பெயர் அதன்மேல் இருந்த உருவுக்கு வந்து, இன்று திரைப்படம் வரை நீண்டுவிட்டது.

எழுத்தறிவு பரவப் பரவ எழுது ஏட்டுக்குள் ஒடுங்கியது. அது விட்ட இடத்தில் வரை வந்து உட்கார்ந்தது. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது முதியோர் வாய்ப் பழமொழி. இளையவர்கள் அதையே சித்திரம் வரைய வேண்டும் என்று மாற்றிச் சொல்கிறார்கள். ஒரு தலைமுறைக்குள் வினை மாறியிருக்கிறது.

மலையாளம் மாறவில்லை. அங்கே பெண்கள் கண்ணெழுதுகிறார்கள். தெய்யத்துக்கு முகத்தெழுத்து உண்டு. பகவதிக்கும் நாகங்களுக்கும் களமெழுதுகிறார்கள்: அரிசி மாவு வெள்ளை, மஞ்சள் தூள், உமிக் கரியின் கறுப்பு, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்பு, இலைப்பொடியின் பச்சை. ஐந்து நிறமும் விரலிடுக்கில் சிந்திச் சிந்தித் தரையில் தேவி உருவாகிறாள். வழிபாடு முடிந்ததும் அழித்துவிடுகிறார்கள். கோல் இல்லை, கீறல் இல்லை, ஒலிக்குறி இல்லை. நப்பண்ணனார் பரங்குன்றத்தில் ஆண்ட அதே சொல், அதே பொருளில், உயிரோடு இருக்கிறது. தமிழில் இனி அகரமுதலி தொகுப்பவர்கள் எழுது என்ற சொல்லுக்கு ஓவியப் பொருளை முதலிலும், எழுத்திடும் பொருளை அடுத்தும் வைக்க வேண்டும். எழில் என்ற சொல்லைப் பக்கத்தில் சுட்டிக் காட்டவும் வேண்டும். மறுப்பவர்கள் எழுத்துநிலை மண்டபத்துக்கு விடை சொல்லிவிட்டு மறுக்கட்டும்.