மெட்ராஸ் எங்கடா?

2024 பிப்ரவரி. விடியற்காலை நாலரை மணி. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் அப்பாவுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். திறந்து ரெண்டு மாசம்கூட ஆகலை, தரையில முகம் பார்க்கலாம் போல இருந்தது. விழுப்புரத்து வண்டி வந்து நின்னுச்சு. மஞ்சப்பையோட இறங்கின அப்பா சுத்திமுத்திப் பார்த்தார்.

"ஸ்டாண்டு நல்லாத்தான் கட்டியிருக்கான். மெட்ராஸ் எங்கடா?"

சிரிச்சுட்டேன். ஆனா எட்டு மணிக்குள்ள அவரை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில சேர்க்கணும்கிறது ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்னுபோச்சு. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்ததில் கிடைச்சதுதான் கீழே இருக்கிறது.

அப்பாவுக்குத் தெரிஞ்ச மெட்ராஸ் பாரிமுனையில் ஆரம்பிக்குது. வெளியூர் வண்டியெல்லாம் அப்ப பிராட்வே பக்கம்தான் வந்து நிக்கும். பிராட்வே என்பது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வெள்ளைக்கார வக்கீல் உருவாக்கின தெரு. அரசாங்கக் கணக்கில் பிரகாசம் சாலை. நம்ம ஆட்கள் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. 1947-ல் மெட்ராஸ் பஸ்களை அரசாங்கம் எடுத்து நடத்த ஆரம்பிச்சது, 1953-ல் டிராம் நின்னது, 1972-ல் பல்லவன் வந்தது. இத்தனை மாறியும் ஊர்க்காரன் வந்து இறங்குற இடம் மட்டும் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

இதில் ஒரு விஷயம் இருக்கு. வெளியூர்க்காரன் மெட்ராஸுக்கு எதுக்கு வந்தான்? கோர்ட்டு கேஸ். ஜிஹெச். கோட்டையில் ஒரு மனு. கொத்தவால் சாவடியில் சரக்கு. இல்லைன்னா சென்ட்ரலில் வடக்கே போற ரயில். இது எல்லாமே பிராட்வேயிலிருந்து நடக்கிற தூரம். 1989-ல் எங்க தாத்தாவை ஜிஹெச்சில் சேர்த்தப்போ, பஸ் ஸ்டாண்டிலிருந்து அவரைக் கைத்தாங்கலா நடத்தியே கூட்டிட்டுப் போனதா அப்பா சொல்வார். ஆட்டோவுக்குக் காசில்லை, தேவையும் படலை. வழியில் ரெண்டு இடத்தில் உட்கார வெச்சு, ஒரு டீ வாங்கிக் குடுத்து, போய்ச் சேர்ந்துட்டாங்க.

பிராட்வே ஒண்ணும் சொர்க்கம் இல்லை. அதே அப்பாதான் அங்க மூக்கைப் பொத்திக்கிட்டு நின்ன கதையும் சொல்வார். நெரிசல், சேறு, பிக்பாக்கெட். ஒவ்வொரு வெளியூர் வண்டியும் நகரத்தின் வயிற்றுக்குள்ள வரைக்கும் ஊர்ந்து வந்து, திரும்ப ஊர்ந்து போகணும். அதை வெளியே கொண்டு போனது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.

வெளியே அனுப்புறது பஸ்ஸோட ஆரம்பிச்ச வழக்கமும் இல்லை. முதல்ல போனது சிங்கமும் புலியும்தான்! சென்ட்ரல் பக்கம் பார்க் டவுனில் இருந்த மிருகக்காட்சி சாலை 1985-ல் வண்டலூரில் திறக்கப்பட்டது. அடுத்து காய்கறி. 1996-ல் கொத்தவால் சாவடி கோயம்பேட்டுக்குப் போச்சு. அப்புறம்தான் மனுஷங்க. 2002 நவம்பர் 18-ல் ஜெயலலிதா கோயம்பேடு பஸ் ஸ்டாண்டைத் திறந்து வெச்சாங்க. ஏறக்குறைய 36 ஏக்கர். ஆங்கிலத்தில் அதுக்கு வெச்ச பேரில் 'மொபசல்' என்று ஒரு வார்த்தை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் தலைநகரம் தவிர்த்த மிச்ச ஊரையெல்லாம் குறிச்ச சொல். அதாவது நாங்க.

கோயம்பேட்டுக்கு முதல்முறை வந்தப்ப எனக்கு அஞ்சு வயசு. ஞாபகம் இருக்கிறது ரெண்டே விஷயம்: எவ்வளவு நடந்தாலும் முடியாத கட்டடம், அப்பாவோட புலம்பல். "கொண்டுவந்து காட்டுல விட்டுட்டானுங்க." இன்னிக்குக் கோயம்பேட்டைக் காடுன்னு சொன்னா யார் நம்புவாங்க? நகரம் அதைத் தாண்டிப் போயிடுச்சு. ஆனா அது தானா நடந்த மாதிரி பேசுறதுதான் எனக்கு உறுத்துது. கோயம்பேடு – ஆலந்தூர் மெட்ரோ ஓட ஆரம்பிச்சது 2015 ஜூன் 29. பஸ் ஸ்டாண்டு திறந்து பன்னிரண்டரை வருஷம் கழிச்சு! அந்தப் பன்னிரண்டரை வருஷமும் மூட்டையோட டவுன் பஸ்ஸில் தொங்கினவங்களும், ஆட்டோக்காரரோட பேரம் பேசி அலுத்தவங்களும்தான் அந்த இடைவெளியை நிரப்பினாங்க.

இப்ப கிளாம்பாக்கத்துக்கு வருவோம். 2019 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்ட, 2023 டிசம்பர் 30-ல் ஸ்டாலின் திறந்து வெச்சார். (கோயம்பேட்டுக்கு எம்.ஜி.ஆர். பேர், இதுக்குக் கலைஞர் பேர். கணக்கு சரியாப் போச்சு.) 88 ஏக்கர், செலவு 390 கோடி ரூபாய்க்கு மேலே. முதலில் அரசு விரைவு பஸ்கள் வந்தன. 2024 ஜனவரி 30-லிருந்து தெற்கே போற மத்த அரசு பஸ்களிலும் பெரும்பாலானவை. பிப்ரவரியில் ஒருநாள் நடுராத்திரி, திருச்சிப் பக்கம் போக வண்டி இல்லைன்னு ஜனங்க ரோட்டை மறிச்சதும் பேப்பரில் வந்தது.

கட்டடத்தைக் குறை சொல்ல மனசு வரலை. அப்பாவைக் கூட்டிட்டு ஒரு சுத்து சுத்தினேன். விசாலம். சுத்தம். காத்து வருது. இந்தக் கிளாம்பாக்கத்தில் பெருங்கற்காலப் புதைகுழிகள் இருக்கிற, தொல்லியல் துறை பாதுகாக்கிற இடமும் உண்டு. செங்கல்பட்டு வட்டாரம் முழுக்கவே இப்படி நிறைய. அப்பாகிட்ட அதைச் சொன்னேன். "அப்ப ரொம்ப நாளாவே இது கடைசி ஸ்டாப்புதான்னு சொல்லு" என்றார்.

தொந்தரவு கட்டடத்துக்கு வெளியே. ஸ்டாண்டு திறந்தப்ப வாசலில் ரயில் நிலையம் கிடையாது. அதுக்குப் பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுது என்பதுதான் வேடிக்கை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் 1931-லேயே வந்தாச்சு, பிற்காலத்தில் செங்கல்பட்டு வரைக்கும் நீண்டும் ஆச்சு. நடுவில் ஒரு நிலையம் கட்டுற வேலை மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி நின்னுபோச்சு. விமான நிலையத்திலிருந்து வரவேண்டிய மெட்ரோவோ அப்ப வெறும் காகிதம்.

நான் பிழைக்கிறது கம்ப்யூட்டரில் என்பதால் எனக்கு இப்படித்தான் புரியுது. சர்வர் மேல சுமை அதிகமாச்சுன்னு வேலையைப் பயனர் பக்கம் தள்ளிவிடுவோம். சர்வர் ஜம்முன்னு ஓடும். நம்ம அறிக்கையில் எல்லாம் பச்சை. தாமதம் எங்க போச்சுன்னா, ஒவ்வொரு பயனர் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமா உட்கார்ந்திருக்கும். அதை யாரும் அளக்கிறதில்லை.

எல்லாப் பயனருக்கும் ஒரே அளவு இல்லை என்பதையும் சொல்லணும். எனக்கு ஆபீஸ் சிறுசேரி. வண்டலூர் – கேளம்பாக்கம் ரோட்டைப் பிடிச்சா எனக்குக் கிளாம்பாக்கம் ஒரு வரம். (கிளாம்பாக்கத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் குழம்பி வேற இடத்தில் நின்ன டாக்சிகளைத் தனியா எழுதலாம்.) என் மெட்ராஸ் தெற்கே நகர்ந்தாச்சு, அதோட பஸ் ஸ்டாண்டும் நகர்ந்தது. ஆனா ஜிஹெச் நகரலை. ஹைகோர்ட் நகரலை. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-ல் ஆரம்பிச்சது, அதுவும் எங்கேயும் போகலை. இங்கெல்லாம் வர்றவங்கதான் 1989-ல் எங்க தாத்தா மாதிரி காசில்லாம வர்றவங்க. அவங்களுக்குப் பஸ் ஸ்டாண்டு முதலில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போச்சு, அடுத்தது இன்னும் முப்பது கிலோமீட்டர்.

சரி, அன்னிக்கு என்ன ஆச்சு? ஆட்டோ பிடிச்சு வண்டலூர் ஸ்டேஷன், அங்கிருந்து மின்சார ரயில். தாம்பரம் தாண்டினதும் கூட்டம் ஏறிடுச்சு. அப்பா ஜன்னலோரம் மஞ்சப்பையை மடியில் வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு ஸ்டேஷன் பேரையும் வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே வந்தார். கண்ணைச் சோதிச்சுப் பார்க்கிறாரோ என்னவோ. எழும்பூரில் இறங்கினப்ப மணி ஏழு.

"இப்ப வந்துச்சு மெட்ராஸ்" என்றார்.

மத்தியானம் வேலை முடிஞ்சதும், "கிளாம்பாக்கத்துல கொண்டுபோய் ஏத்தி விடறேம்ப்பா"ன்னு சொன்னேன். காதில் வாங்காத மாதிரி எழும்பூர் ஸ்டேஷனுக்குள்ள நடந்து, விழுப்புரத்துக்கு ஒரு ரயில் டிக்கெட் எடுத்துட்டார். முப்பது வருஷத்துக்கு மேலா பஸ்ஸைத் தவிர வேற எதிலேயும் மெட்ராஸ் வந்து போகாத மனுஷன்.