டொப் லிங்க்: மெசினுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றைக் கையின் கதை

வட்டைக்குள் இறங்கும் எந்த உழவு மெசினின் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். கீழே இடமும் வலமுமாக இரண்டு கைகள். அவற்றுக்கு மேலே, நடுவில், ஒற்றைக் கை. இந்த மூன்றும் சேர்ந்துதான் கலப்பையைப் பிடிக்கின்றன. மேலே இருக்கும் அந்த ஒற்றைக் கைதான் டொப் லிங்க். நடுவில் ஒரு குழாய், இரண்டு முனையிலும் புரி வெட்டிய கம்பி. ஒரு பக்கம் திருகினால் நீளும், மறுபக்கம் திருகினால் குறுகும்.

இப்போது அந்தத் திருகுக் கம்பியைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அமுக்கத்தில் நீண்டு குறுகும் ஹைட்ரோலிக் டொப் லிங்க்கைப் பூட்டுகிறார்கள். இறங்கி ஏறத் தேவையில்லை. இருந்த இடத்திலிருந்தே கலப்பையின் சரிவை மாற்றலாம். நல்ல வசதிதான். ஆனால் அந்தக் கை முதலில் எதற்காக அங்கே வந்தது என்று தெரிந்துகொண்டு பூட்டுவது நல்லது. அது வசதிக்காக வந்ததல்ல. அதற்குப் பின்னால் பல உயிர்கள் போன கதை இருக்கிறது.

*பின்பக்கமாகப் புரண்ட மெசின்கள்*

1917. முதலாம் உலகப் போர். ஆட்களும் குதிரைகளும் போர்முனைக்குப் போய்விட்டார்கள். உணவுக் கப்பல்களை ஜேர்மனிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தன. உள்நாட்டில் விளைவித்தே ஆக வேண்டிய நிலையில் பிரித்தானிய அரசாங்கம் ஹென்றி ஃபோர்டிடம் 6000 உழவு மெசின்களுக்கு ஓடர் கொடுத்தது. அதுதான் ஃபோர்ட்சன். மலிவான மெசின், பாரமும் குறைவு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இலட்சக்கணக்கில் விற்பனையானது.

ஆனால் அது கலப்பையை இழுத்த விதம் குதிரை இழுத்த விதம்தான். பின்னால் ஒரு கொக்கி, அதில் கலப்பை. கலப்பை ஒரு வேரிலோ கல்லிலோ மாட்டிக்கொண்டால் குதிரை நின்றுவிடும். மெசினுக்கு நிற்கத் தெரியாது.

பத்தாம் தரத்தில் விசையின் திரும்பல் விளைவு படித்த பிள்ளைகளுக்கு அடுத்து நடப்பது விளங்கும். எஞ்சின் பின்சில்லைச் சுழற்றப் பார்க்கிறது. சில்லு அசைய முடியாமல் நிற்கிறது. சில்லு சுழலாவிட்டால் அந்தத் திருப்பம் மெசினின் உடம்புக்குப் போகும். அச்சாணியைச் சுற்றி உடம்பே எழும்பும். முன்சில்லு தரையை விட்டுக் கிளம்பி, ஓரிரு வினாடிக்குள் மெசின் பின்பக்கமாக ஓட்டுநரின் மேல் புரண்டு விழும். கிளச்சை மிதிக்கக்கூட நேரம் கிடைக்காது. இப்படிப் பலர் இறந்தார்கள். பிற்காலத்தில் பின் மட்காட்டைப் பின்னுக்கு நீளமாக இழுத்துவிட்டார்கள், புரளும்போது அது தரையில் முட்டித் தடுக்கட்டும் என்று. அது நோய்க்கு மருந்தில்லை, கட்டு மட்டும்தான்.

*விமானத்திலிருந்து கலப்பைக்கு*

அயர்லாந்தின் வடக்கே டவுன் மாவட்டத்தில் 1884 இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஹரி பெர்குசன். வயல் வேலையில் விருப்பமில்லாமல் பெல்பாஸ்ட்டில் தமையனின் கராஜுக்கு வேலைக்குப் போனார். 1909 டிசம்பர் 31 அன்று, தானே செய்த விமானத்தில் பறந்தார். அயர்லாந்தில் எஞ்சின் விமானத்தில் பறந்த முதல் ஆள் அவர்தான்.

போர்க்காலத்தில் அயர்லாந்தின் விவசாய சபை, நாட்டில் இருக்கும் உழவு மெசின்கள் ஒழுங்காக வேலை செய்ய வழி பார்க்கும்படி அவரிடம் கேட்டது. அவரும் அவருடைய உதவியாளர் வில்லி சான்ட்ஸும் பண்ணை பண்ணையாகச் சுற்றினார்கள். பெர்குசன் பிடித்துக்கொண்ட விடயம் ஒன்றுதான். மெசின் வேறு, கலப்பை வேறு என்று இருக்கும்வரை இந்தத் தொல்லை தீராது. இரண்டும் ஒரே உடம்பாக வேண்டும்.

அவர் எடுத்த வழி இதுதான். கலப்பையைக் கீழே மட்டும் பிடிக்காமல் மேலேயும் ஒரு கையால் பிடிப்பது. மண் கலப்பையின் அடியைப் பின்னுக்குத் தள்ளும்போது, கலப்பையின் தலை முன்னுக்குச் சாயப் பார்க்கும். அப்படிச் சாயும் தலை, மேல் கை வழியாக மெசினை முன்னுக்குத் தள்ளும். அந்தத் தள்ளல் பின் அச்சுக்கு மேலே விழுவதால் மெசினின் முன்பக்கம் தரையை நோக்கி அமுங்கும். மண் எவ்வளவு கடினமோ, முன்சில்லும் அவ்வளவு அமுங்கும். முன்பு ஆளைக் கொன்ற அதே விசை, இப்போது மெசினைத் தரையில் பிடித்து வைக்கிறது. பாரமான மெசினும் தேவையில்லை.

இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. மேடு பள்ளமான நிலத்தில் முன்சில்லு ஏறி இறங்கும்போது, ஒரே உடம்பாகிவிட்ட கலப்பையும் ஏறி இறங்கி உழவின் ஆழம் மாறியது. அதற்குத்தான் எண்ணெய் அமுக்கம் வந்தது. உழவின் இழுவையைக் கொண்டே ஆழத்தைத் தானாகச் சரிசெய்யும் முறைக்கு 1925 இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பின்னாளில் அது முழுமையானபோது, மேல் கை ஒரு ஸ்பிரிங்கில் போய் முட்டியது. மண் இறுகினால் கை ஸ்பிரிங்கை அமுக்கும், ஸ்பிரிங் எண்ணெய் வால்வை அசைக்கும், கலப்பை கொஞ்சம் எழும்பும். மண் இளகினால் பழைய ஆழத்துக்கு இறங்கும். அதாவது டொப் லிங்க் வெறும் பிடி மட்டுமல்ல. மண்ணின் நாடி பார்க்கும் விரலும் அதுதான்.

*கடதாசி இல்லாத ஒப்பந்தம்*

1933 இல் கறுப்பு நிறத்தில் ஒரு மாதிரி மெசின் செய்தார். 1936 இல் டேவிட் பிரவுன் என்ற பல்சக்கர உற்பத்தியாளருடன் சேர்ந்து விற்பனைக்கு இறக்கினார். விலை 224 பவுண். ஃபோர்ட்சனை விட நல்ல கூட விலை. சுமார் 1350 மெசின்களோடு அந்தக் கூட்டு முறிந்தது.

1938 ஒக்டோபரில் பெர்குசன் அமெரிக்கா போய், டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டின் வீட்டு நிலத்தில் மெசினை உழுது காட்டினார். சாவி கொடுத்தால் ஓடும் சிறிய மாதிரி ஒன்றை மேசையில் வைத்து விளக்கினார். ஃபோர்ட் எழுந்து கைகொடுத்தார். ஃபோர்ட் மெசினைச் செய்வது, பெர்குசன் விற்பது. அவ்வளவுதான் ஒப்பந்தம். எழுத்தில் ஒரு வரியும் இல்லை.

1939 இல் ஃபோர்ட் 9என் வெளிவந்தது. அதுவும் அதற்கு அடுத்து வந்த 2என்னும் சேர்ந்து சுமார் 3 இலட்சம் மெசின்கள் உற்பத்தியாகின. பிறகு ஃபோர்டின் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்ட் பொறுப்புக்கு வந்தார். பாட்டனாரின் கைகுலுக்கல் அவரைக் கட்டுப்படுத்தவில்லை. 1947 இல் உறவை முடித்துவிட்டு, அதே முறையோடு 8என் என்ற புதிய மெசினைச் சொந்தமாக விற்கத் தொடங்கினார். பெர்குசன் வழக்குப் போட்டார். 25 கோடி டொலருக்கு மேல் கேட்டார். நாலு வருட இழுபறிக்குப் பிறகு 1952 இல் 92.5 இலட்சம் டொலருக்குச் சமாதானமானது.

இதற்கிடையில் இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் பெர்குசனின் சொந்த மெசின் டிஈ20 உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. 1946 முதல் 1956 வரை 5 இலட்சத்துக்கும் மேல். 1953 இல் அவருடைய கம்பனி கனடாவின் மெஸி ஹரிஸுடன் இணைந்தது. நம் வயல்களில் ஓடிய 35, 135, 240 எல்லாம் அந்த மெஸி பெர்குசன் குடும்பத்துப் பிள்ளைகள்தான். பெர்குசன் 1960 இல் காலமானார். இன்று எந்தக் கம்பனி மெசினை எடுத்தாலும் பின்னால் இருப்பது அவருடைய மூன்று கைகள்தான்.

*ஹைட்ரோலிக் டொப் லிங்க் பூட்டும்போது*

இந்தக் கதை தெரிந்தால் பூட்டும் முறையும் தானாக விளங்கும்.

ஒன்று. உழும்போது டொப் லிங்க் அமுங்குகிறது. கலப்பையைத் தூக்கினால் அதே கை இழுபடுகிறது. ஆகவே சிலிண்டர் இரண்டு திசையிலும் அசையாமல் நிற்க வேண்டும். கட்டுப்பாட்டு வால்வுக்குள் எண்ணெய் மெல்லக் கசியும் என்பதால், சிலிண்டரிலேயே இரண்டு பக்கமும் பூட்டும் லொக் வால்வு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உழவின் நடுவில் கை தானாகக் குறுகிப்போகும், ஆழம் மாறும்.

இரண்டு. நீட்டவும் குறுக்கவும் இரண்டு குழாய் வேண்டும். பெட்டி தூக்க எடுக்கும் ஒற்றைக் குழாய் போதாது. பழைய மெசின்களுக்கு இருவழி வால்வு ஒன்றைத் தனியாகப் பூட்ட வேண்டிவரும்.

மூன்று. ஆணியின் அளவு. முதலாம் வகை மெசினுக்கு மேல் ஆணி 19 மில்லிமீற்றர், இரண்டாம் வகைக்கு 25. பெரிய துளையில் சிறிய ஆணியைப் போட்டு ஓட்டாதீர்கள்.

நாலு. கழற்றும் முன் பழைய திருகுக் கம்பி வேலை செய்த நீளத்தை அளந்துகொள்ளுங்கள். புதிய சிலிண்டர் பாதி நீண்ட நிலையில் அந்த நீளத்துக்கு வர வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் இடம் இருக்கும். குறுக்கினால் கலப்பையின் மூக்கு மண்ணைக் குத்தும், நீட்டினால் மூக்கு எழும்பும்.

ஐந்து. முதல் தடவை வெறுமையாகப் பலமுறை நீட்டிக் குறுக்கிக் காற்றை வெளியேற்றி, பிறகு எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். கலப்பையை மாட்டி மெதுவாக முழுதாகத் தூக்கி, முழுதாகக் குறுக்கிப் பாருங்கள். குழாய் இழுபடுகிறதா, கலப்பை டயரில் முட்டுகிறதா, ரொட்டரி என்றால் தண்டு அளவுக்கு மேல் மடிகிறதா என்று கவனியுங்கள். அந்த நேரம் மெசினுக்கும் கலப்பைக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. கசிவை விரலால் தடவிப் பார்க்கவும் கூடாது. அந்த அமுக்கத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஒரு காட்போட் மட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

*கடைசியாக ஒன்று*

டொப் லிங்க் காப்பாற்றுவது அதில் கலப்பை மாட்டியிருக்கும்போது மட்டும்தான். சேற்றில் புதைந்த இன்னொரு மெசினை இழுக்க, டொப் லிங்க் பூட்டும் இடத்தில் சங்கிலியைக் கொளுவினால் கதை தலைகீழ். அந்த இடம் அச்சுக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து பின்னுக்கு இழுபட்டால் முன்சில்லு எழும்பும். 1917 இல் நடந்தது இன்றும் நடக்கும், அதே வேகத்தில். இழுப்பதென்றால் அச்சுக்குக் கீழே உள்ள இழுவைத் தண்டில் மட்டும் கொளுவுங்கள். புதைந்த மெசினின் பின்சில்லில் மரக்கட்டையைக் கட்டி முன்னுக்கு எடுப்பதும் இதே ஆபத்துத்தான். முடிந்தால் பின்னுக்கு எடுங்கள், இல்லாவிட்டால் வேறு மெசினால் இழுங்கள்.

சுவீடன் 1959 இலேயே புதிய மெசின்களுக்கு ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகத்தைச் சட்டமாக்கியது. நம் வயல்களில் ஓடும் பழைய மெசின்கள் பலவற்றில் அது இன்னும் இல்லை. அதுவரை நமக்கு இருக்கும் காவல் நம் கவனம்தான்.

பெரும்போக உழவுக்கு மெசின் ஓட்டப்போகும் தம்பிமார் யாராவது உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், முழுவதையும் வாசிக்க நேரமில்லாவிட்டாலும் கடைசிப் பகுதியை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள்.