ஓட்டுச்சாவடிக்கு வந்த சாய்தளம்

1951-52ல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. ஆனால் ஓட்டுச்சாவடி பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். பள்ளிக்கூடம் என்றாலே வாசலில் நாலு படி இருக்கும். நம்ம கோவைப் பக்கமும் அப்படித்தான். சக்கர நாற்காலியில் வருபவரை யாராவது தூக்கிக்கொண்டு போகணும், இல்லையென்றால் அவர் வீட்டிலேயே இருக்கணும்.

2004 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் நேரத்தில், ஜாவேத் அபிதியின் டிஸேபிள்டு ரைட்ஸ் குரூப் கொண்டுபோன வழக்கில் உச்ச நீதிமன்றம் மரச் சாய்தளம் அமைக்கச் சொன்னது. யோசித்துப் பாருங்கள், நாலு பலகை! அதற்கு 52 வருடம். பி.காம் படிக்கிற எனக்கு இதைப் பெரிய செலவு என்று சொல்ல மனசு வரவில்லை.

பார்வையற்றோர் சிக்கல் வேறு. தேர்தல் நடத்தை விதிகளின்படி 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். ரகசியம் காப்பதாக அவர் எழுதிக் கொடுக்கணும், அன்று வேறு யாருக்கும் துணை போகக்கூடாது. இருந்தாலும் மச்சான் கையால் போடும் ஓட்டு மச்சானுக்குத் தெரிந்த ஓட்டுதானே? 2009 மக்களவைத் தேர்தலில் இயந்திரத்தின் பொத்தான்களுக்குப் பக்கத்தில் பிரெயில் எண்கள் வந்தன. பிரெயில் பட்டியலைத் தடவி வேட்பாளரின் வரிசை எண்ணைப் படித்துக்கொண்டு, தானே அழுத்தலாம்.

2021 சட்டமன்றத் தேர்தலில் 12டி படிவம் கொடுத்த மாற்றுத்திறனாளிகள் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போட்டார்கள். நல்லதுதான். ஆனால் அதையே காரணம் காட்டி சாய்தளத்தை மறந்துவிடுவார்களோ என்று எனக்கு ஒரு பயம். இன்னொன்றும் பாக்கி. விவிபேட் சீட்டு கண்ணாடிக்குள் 7 விநாடி தெரியும். பார்வையற்றவருக்குக் கேட்பது 'பீப்' சத்தம் மட்டும்தான். ஓட்டு யாருக்கு விழுந்தது என்று அவரால் தானாகச் சரிபார்க்க முடியாது.