நினைவகப் பற்றாக்குறை (இயக்குதளம்)

கணினியில் இயங்கும் நிரல்களுக்குத் தேவைப்படும் நினைவகம், அக்கணினியில் உள்ள முதன்மை நினைவகத்தை விட மிகுதியாகும் நிலை நினைவகப் பற்றாக்குறை எனப்படும். இயங்கிக் கொண்டிருக்கும் நிரல் செயலாக்கம் என்று அழைக்கப்படுகின்றது. பற்றாக்குறையின்போது எந்தச் செயலாக்கத்தின் தரவை வைத்திருப்பது, எதை வெளியேற்றுவது, இறுதியில் எதை நிறுத்துவது என்பவற்றை இயக்குதளத்தின் மையப் பகுதியான கருனி முடிவு செய்கின்றது. இம்முடிவு பொருத்தமாக அமையாவிடின், பயனர் சேமிக்காத பணியை இழக்க நேரிடலாம். வழங்கிக் கணினி முடங்கவும் கூடும்.

பக்கங்களும் இடமாற்றமும்

பெரும்பாலான இன்றைய இயக்குதளங்கள் மெய்நிகர் நினைவகத்தைப் பயன்படுத்துகின்றன. இம்முறை 1962 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லசு கணினியில் இடம்பெற்றது. இதில் நினைவகம் பக்கங்களாகப் பகுக்கப்படுகின்றது. ஒரு பக்கத்தின் அளவு பல கணினிகளில் 4096 பைட்டுகள் ஆகும்.

பற்றாக்குறை தோன்றும்போது கருனி, அண்மையில் பயன்படாத பக்கங்களைத் தேடுகின்றது. கோப்பிலிருந்து படிக்கப்பட்டு மாற்றம் பெறாத பக்கங்களை உடனே கைவிடலாம். தேவைப்படின் மீண்டும் படித்துக்கொள்ள முடியும். மாற்றம் பெற்ற கோப்புப் பக்கங்கள் முதலில் வட்டில் எழுதப்பட வேண்டும். கோப்புடன் தொடர்பில்லாத பக்கங்கள் வட்டின் இடமாற்றுப் பகுதிக்கு அனுப்பப்படுகின்றன.

வெற்று நினைவகம் குறைவாக இருப்பது மட்டும் பற்றாக்குறை ஆகாது. எஞ்சிய நினைவகத்தைக் கருனி கோப்புகளின் தற்காலிகப் படிகளுக்குப் பயன்படுத்துவது வழக்கமான செயலே ஆகும்.

தத்தளிப்பு நிலை

செயலாக்கங்கள் தொடர்ந்து பயன்படுத்தும் பக்கங்கள் அனைத்துக்கும் நினைவகத்தில் இடமில்லாதபோது, வெளியேற்றிய பக்கமே மறுகணம் தேவைப்படுகின்றது. கணினி பக்கங்களை மாற்றுவதிலேயே நேரத்தைச் செலவிடும், பணி நகராது. இந்நிலையைப் பீட்டர் டென்னிங் 1968 இல் ஆராய்ந்து, ஒரு செயலாக்கம் அண்மைக் காலத்தில் பயன்படுத்திய பக்கங்களின் தொகுதியைக் கொண்டு அதன் தேவையை அளவிடலாம் என்று காட்டினார். எல்லாவற்றையும் சேர்த்து இயக்குவதை விடச் சிலவற்றை நிறுத்தி வைப்பது விரைவானது என்பது இதன் விளைவாகும்.

செயலாக்கத்தை நிறுத்துதல்

நிரல்கள் கேட்டுப் பெறும் நினைவகம் முழுவதையும் பயன்படுத்துவதில்லை. எனவே லினக்ஸ் கருனி, இருப்பதை விட மிகுதியாகவே ஒதுக்கீட்டுக்கு இசைகின்றது. எல்லா நிரல்களும் ஒரே நேரத்தில் தம் பங்கைப் பயன்படுத்த முற்பட்டால் இசைந்ததை நிறைவேற்ற இயலாது. அப்போது கருனி ஒவ்வொரு செயலாக்கத்துக்கும் மதிப்பெண் இட்டு, மிகுந்த மதிப்பெண் பெற்றதை நிறுத்துகின்றது. நினைவகத்தை மிகுதியாகக் கொண்டிருப்பதே உயர்ந்த மதிப்பெண் பெறும். கணினி நிர்வாகி இம்மதிப்பெண்ணை -1000 முதல் 1000 வரை திருத்தலாம். -1000 இடப்பட்ட செயலாக்கம் நிறுத்தப்படுவதில்லை. தரவுத்தள நிரல்கள் பெரும்பாலும் மிகுந்த நினைவகத்தைக் கொண்டிருப்பதால், இத்திருத்தம் அவற்றுக்கு இன்றியமையாதது.

இந்தியாவில்

அப்போது ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய இந்தியப் பொறியாளர் பல்பீர் சிங், செயலாக்கக் குழுவொன்றுக்கு நினைவக வரம்பு விதிக்கும் வசதியை உருவாக்கியவர்களுள் ஒருவர். இது 2008 இல் லினக்ஸ் 2.6.25 பதிப்பில் சேர்க்கப்பட்டது. இதனால் ஒரு குழுவின் பற்றாக்குறை ஏனைய குழுக்களைப் பாதிப்பது குறைகின்றது. நிதின் குப்தா தொடங்கிய திட்டமொன்று, பக்கங்களை வட்டுக்கு அனுப்பாமல் நினைவகத்திலேயே சுருக்கி வைக்கும் சீரேம் என்னும் முறையாக வளர்ந்து, 2014 இல் லினக்ஸ் 3.14 பதிப்பில் முழுமையாக ஏற்கப்பட்டது.

மின்னழி நினைவகம் மீண்டும் மீண்டும் எழுதப்படின் தேய்வதால், கைபேசிகளுக்கு இம்முறை ஏற்றது. 2014 செப்டம்பரில் இந்தியாவில் அறிமுகமான ஆண்ட்ராய்டு ஒன் கைபேசிகள் 1 ஜிகாபைட்டு நினைவகமே கொண்டிருந்தன. ஆண்ட்ராய்டு இயக்குதளம், நினைவகம் முற்றிலும் தீரும் முன்னரே, திரையில் இல்லாத செயலிகளை முதன்மை வரிசைப்படி நிறுத்துகின்றது. ஆகவே பயனர் திரும்பி வரும்போது செயலி தொடக்கத்திலிருந்து திறக்கக்கூடும். பாதி நிரப்பிய படிவம் போன்றவற்றைத் திரையிலிருந்து விலகும்போதே சேமித்து வைப்பது செயலியை எழுதுவோரின் பொறுப்பாகும்.