நெடுஞ்சாலையை மறுத்த நகரம்: வன்கூவர் மாநகர சபையும் அயலவர் இயக்கமும், 1957 – 1976

நகரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைத் திட்டமிட்டோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பாரிஸ் என்றதும் ஒஸ்மானின் பெயரும் சண்டிகார் என்றதும் லெ கோபுசியேயின் பெயரும் நினைவுக்கு வருகின்றன. அத்தெருக்களில் வாழ்ந்தோர், அல்லது அத்தெருக்களுக்காக அகற்றப்பட்டோர், அடிக்குறிப்பிலும் இடம்பெறுவது அரிது. கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வன்கூவர் நகரின் அண்மைக்கால வரலாறும் இப்போக்குக்கு விலக்கன்று. நிலைபேறான நகர அபிவிருத்திக்கு எடுத்துக்காட்டாக அந்நகரைக் கூறுவோர், அதன் கடலோர நடைபாதைகளையும், நகர மையத்தை ஊடறுக்கும் அதிவேக நெடுஞ்சாலை ஒன்றேனும் இல்லாத சிறப்பையும் திட்டமிடல் அறிவின் விளைவெனப் போற்றுவர். உண்மையில், 1960களில் அந்நகரின் திட்டமிடலாளர் வரைந்த படங்களில் நெடுஞ்சாலை இருந்தது. அதனை அழித்தவர்கள் வேறு சிலர். நிலைபேறான அபிவிருத்தி என்னும் தொடர் 1987 இல் வெளியான புறுண்லாண்ட் ஆணைக்குழுவின் அறிக்கைக்குப் பின்னரே உலகெங்கும் பரவியது. அத்தொடரை அறியாத மக்கள் அதன் பொருளுக்காக இருபதாண்டுகளுக்கு முன்னரே போராடினர் என்பதே இங்கு கருதத்தக்கது.

அப்போராட்டத்தை விளங்கிக்கொள்வதற்கு அந்நகரின் ஆட்சிமுறையை முதலில் நோக்குதல் வேண்டும். வன்கூவரில் 1936 ஆம் ஆண்டு முதல் வட்டாரத் தேர்தல் முறை இல்லை. சபையின் பத்து உறுப்பினரும் முழு நகரத்துக்கும் பொதுவாகவே தெரிவுசெய்யப்பட்டனர். இடதுசாரிகள் சபையிற் காலூன்றத் தொடங்கிய வேளையில், 1937 இல், 'கட்சிச் சார்பற்ற சங்கம்' உருவாகியது. பெயரளவிற் சார்பற்றதாகவும் செயலளவில் வர்த்தகர்களின் கட்சியாகவும் விளங்கிய அச்சங்கம் ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் நகரை ஆண்டது. நகரெங்கும் பிரசாரம் செய்வதற்குப் பணம் வேண்டும். பணம் படைத்தோர் நகரின் மேற்குப் பகுதியில் வாழ்ந்தனர். வறிய கிழக்குப் பகுதிக்குச் சபையிலே தனக்கென ஓர் உறுப்பினர் இருக்கவில்லை. சீன வம்சாவளியினரின் நிலை மேலும் இரங்கத்தக்கது. வன்கூவர் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு 1949 இலேயே கிடைத்தது.

உரிமை கிடைத்து எட்டாண்டுகள் கழிந்த நிலையில் நகரப் புதுப்பித்தல் திட்டம் வந்தது. 1957 இல் வெளியான நகர மீளபிவிருத்தி ஆய்வு, சீன நகரை அடுத்துள்ள ஸ்ரத்கோனா என்னும் பழைய குடியிருப்பைச் சீரழிந்த பகுதியென முடிவு செய்தது. வீடுகளை இடித்து அடுக்குமாடிகளை எழுப்புவதே பரிகாரம் எனப்பட்டது. அதன்பின் அப்பகுதியில் வீடுகளைத் திருத்துவதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. தெருக்களின் பராமரிப்பும் கைவிடப்பட்டது. திருத்த அனுமதியாத சபையே பின்னர் திருத்தப்படாத வீடுகளைச் சுட்டிக்காட்டி அவற்றை இடிப்பதற்கு நியாயம் தேடியமை விசித்திரமே. 1960களில் நிறைவேறிய முதலிரு கட்டங்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் தம் வீடுகளை இழந்தனர். மூன்றாங் கட்டமும் ஏறத்தாழ அத்தனை பேரையே அகற்றவிருந்தது.

இதற்கிடையில் 1967 இல் போக்குவரத்துத் திட்டம் வெளிப்பட்டது. கிழக்கிலிருந்து ஸ்ரத்கோனாவின் ஓரமாக நகர மையத்தை அடையும் அதிவேகப் பாதையுடன், சீன நகரைக் கரால் வீதி வழியாகக் குறுக்கறுத்துச் செல்லும் உயர்மேடைப் பாதையொன்றும் அதில் அடங்கியிருந்தது. ஒக்ரோபர் மாதத்திற் சபை அதனை ஏற்றது. எதிர்ப்பு உடனடியாக எழுந்தது. சீன வர்த்தகர், பல்கலைக்கழகத்தார், கட்டடக் கலைஞர் எனத் தம்முள் முன்னர் தொடர்பற்றிருந்தோர் ஒரே அரங்கிற் கூடினர். நூற்றுக்கணக்கானோர் திரண்ட பொதுக்கூட்டங்கள் நடைபெற்றன. நகரத் திட்டமிடல் ஆணைக்குழுவின் தலைவரான பேராசிரியர் பீற்றர் ஒபர்லாண்டரே எதிர்ப்பின் அடையாளமாகப் பதவி துறந்தார். 1968 தொடக்கத்திற் சபை கரால் வீதிப் பாதையைக் கைவிட்டது.

இவ்வெற்றியை எதிர்ப்பின் பயனாக மட்டும் கொள்வது மிகைப்படுத்தலாகும். ஐக்கிய அமெரிக்காவில் 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைச் செலவில் 90 வீதத்தைச் சமஷ்டி அரசு ஏற்றது. கனடாவில் நகர்ப்புற நெடுஞ்சாலைகளுக்கு அத்தகைய ஏற்பாடு இருக்கவில்லை. பணத்தைத் தேடி வன்கூவர் சபை ஒவ்வொரு வாயிலாகத் தட்டவேண்டியிருந்தது. அத்தாமதமே மக்களுக்கு அவகாசமளித்தது. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் எதிர்ப்புத் திரளுமுன்னரே இயந்திரங்கள் வந்து சேர்ந்துவிட்டன.

ஸ்ரத்கோனாவின் வீடுகளோ இன்னும் ஆபத்திலேயே இருந்தன. 1968 டிசம்பரில் அங்கு வீட்டுரிமையாளர், வாடகைக் குடிகள் ஆகிய இருசாராரையும் உள்ளடக்கிய சங்கமொன்று தோன்றியது. பண்பாட்டுச் சங்கங்களும் குலச் சங்கங்களும் சீன நகரில் முன்னரே பல இருந்தன. ஆனால் அவை மூத்த ஆண்களின் மன்றங்கள். புதிய சங்கத்தின் வேலையைப் பெருமளவிற் சுமந்தவர்கள் பெண்கள். மேரி லீ சான் என்னும் இல்லத்தரசியும், ஆங்கிலம் கற்ற அவருடைய மகள் ஷேர்லி சானும் வீடு வீடாகச் சென்று கையொப்பம் திரட்டினர். பெசி லீ போன்றோர் தோள்கொடுத்தனர். ஒவ்வொரு தெருத்தொகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் நியமிக்கப்பட்டார். அறிவித்தல்கள் சீனத்திலும் ஆங்கிலத்திலும் சென்றன. அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மனு அனுப்புவதுடன் அமையாது, அவர்களை வரவழைத்துத் தெருக்களையும் வீடுகளையும் நேரிற் காட்டி, விருந்தும் அளித்தனர். வெளியிலிருந்து பார்ப்பவர்க்குச் சேரியாகத் தோன்றியது, உள்ளே சென்றவர்க்குக் காய்கறித் தோட்டமும் மூன்று தலைமுறையும் கொண்ட வீடாகத் தோன்றிற்று. இளம் சட்டத்தரணியான மைக் ஹார்கோர்ட் அவர்களுக்குச் சட்ட ஆலோசனை வழங்கினார். பிற்காலத்தில் அவர் நகர மேயராகவும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் முதலமைச்சராகவும் உயர்ந்தார்.

சமஷ்டி அமைச்சர் போல் ஹெல்லியரின் வீடமைப்புச் செயற்குழு, முழுப் பகுதிகளையும் இடித்தழிக்கும் முறையைக் கண்டித்து 1969 இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில், குடியிருப்பாளரைக் கலந்துகொள்ளாத திட்டத்துக்குப் பணம் இல்லையென ஒட்டாவா உணர்த்தியது. மூன்றாங் கட்டம் நின்றது. 1970களின் முற்பகுதியில் மூவகை அரசுகளுடன் சங்கமும் சமமாக அமர்ந்து, வீடுகளைத் திருத்துவதற்கு மானியமும் கடனும் வழங்கும் புனருத்தாரணத் திட்டத்தை நடத்தியது. திட்டத்தினாற் பாதிக்கப்படுவோர் அத்திட்டத்தைத் தீர்மானிக்கும் மேசையில் இடம்பெற்றமை அந்நாட்டில் அக்காலத்தில் புதுமையாகும்.

தெருவிலே பிறந்த இந்த எதிர்ப்பு சபையைக் கைப்பற்றும் இயக்கமாக மாறியது எவ்வாறு? 1968 இல் இரண்டு புதிய அமைப்புகள் தோன்றின. தொழிற்சங்கங்களின் ஆதரவுடன் ஹரி ராங்கின் தலைமையில் முற்போக்கு வாக்காளர் குழு உருவாகியது. முதலீட்டு முகாமையாளரான ஆர்ட் பிலிப்ஸ், புவியியற் பேராசிரியர் வோல்ற்றர் ஹார்ட்விக் முதலியோர் 'ரீம்' எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட வாக்காளர் செயல் இயக்கத்தைத் தொடங்கினர். மேயர் ரொம் கம்பெல் நிலச் சொத்து அபிவிருத்தியாளர். பறாட் குடாவுக்குக் குறுக்கே மூன்றாவது கடவை அமைக்கும் திட்டத்தை எதிர்த்தோரை மாவோவாதிகள் என்றும் இடதுசாரிகள் என்றும் பழித்தார். 1972 இல் அக்கடவையும் கைவிடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர்த் தேர்தலில் ரீம் இயக்கம் மேயர் பதவியையும் பத்து ஆசனங்களில் எட்டையும் வென்றது. அவ்வெண்மரில் ஹார்கோர்ட்டும், இந்தியாவிற் பிறந்த திட்டமிடற் பேராசிரியரான சேட்டி பெண்டாக்கூரும் அடங்குவர். நகரங்களையும் நெடுஞ்சாலைகளையும் பற்றிப் பெண்டாக்கூர் எழுதிய நூல் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

புதிய சபையின் பணிகள் சுருக்கமாகக் கூறத்தக்கவை. அதிகாரம் மிகுந்த நகர ஆணையாளர் ஜெரால்ட் சட்டன் பிரௌன் 1973 இல் விலக நேர்ந்தது. திட்டமிடல் அலுவலகங்கள் அயற்பகுதிகளுக்குச் சென்றன. மர ஆலைகளும் புகையும் நிறைந்திருந்த பொய்க்கால்வாயின் தென்கரையில், நகரத்துக்குச் சொந்தமான நிலத்தை விற்காது குத்தகைக்கு மட்டும் கொடுத்து, உயர், நடுத்தர, குறைந்த வருமானத்தார் மூன்றிலொரு பங்காகக் கலந்து வாழும் குடியிருப்பு அமைக்கப்பட்டது. நிலத்தை நகரின் கையில் வைத்திருந்தமையே இச்சபையின் தலைசிறந்த செயல் எனலாம். 1976 இல் மனிதக் குடியிருப்புகள் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு வன்கூவரிற் கூடியபோது, காட்டுவதற்கு அந்நகரிடம் ஏதோ இருந்தது.

ஆயினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். ஸ்ரத்கோனாவின் மேற்கு ஓரத்தில் ஹோகன் சந்து எனப்பட்ட பகுதியில் வன்கூவரின் கறுப்பினத்தவர் வாழ்ந்தனர். அவர்களுட் பலர் புகையிரதச் சேவையில் பணியாற்றியோர். இசைக்கலைஞர் ஜிமி ஹென்றிக்ஸின் பாட்டியார் நோரா ஹென்றிக்ஸ் அங்கிருந்த திருச்சபையை நிறுவியோருள் ஒருவர். கைவிடப்பட்ட நெடுஞ்சாலைத் திட்டத்தின் ஒரு துண்டு மட்டும் கட்டி முடிக்கப்பட்டது. அதுவே 1972 இல் திறக்கப்பட்ட ஜோர்ஜியா உயர்மேடைப் பாதை. அது ஹோகன் சந்தின் மீதே விழுந்தது. சில நூறு அடி தூரத்தில் ஒரு சமூகம் தப்பியது, மற்றொன்று சிதறியது. சீனச் சமூகத்துக்குத் தொகையும், வர்த்தகத் தெருவும், சொந்த வீடும், முன்பே வேரூன்றிய சங்க வாழ்வும் இருந்தன. தொகையிற் சிறிய கறுப்பினச் சமூகத்துக்கு இவை குறைவு. ஸ்ரத்கோனாச் சங்கம் பிறந்தபோது அங்கே இடிப்பு வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. மக்கள் இயக்கத்தைப் போற்றும் நூல்கள் இவ்வேறுபாட்டை விரைந்து கடந்துவிடுகின்றன.

ஆட்சிமுறையும் மாறவில்லை. வட்டார முறையை மீட்கும் பிரேரணை 1973 இல் வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது, அவ்விடயத்தில் ஆளும் இயக்கமே பிளவுபட்டிருந்தது, பிரேரணை தோல்வியுற்றது. படித்த தொழில்வல்லோரின் இயக்கம் அயலவர்களின் பெயராற் சபையை அடைந்ததாயினும், அயலகத்துக்குச் சபையில் நிலையான ஓர் ஆசனத்தை வழங்க அதனால் இயலவில்லை. 1980களில் ரீம் தேய்ந்து மறைந்தது. 2004 இல் வட்டார முறை மீண்டும் வாக்கெடுப்பில் நிராகரிக்கப்பட்டது. உயர்மேடைப் பாதைகளை இடித்தகற்ற வேண்டுமென 2015 இல் மாநகர சபை தீர்மானித்தது. ஹோகன் சந்து இருந்த நிலத்தில் எவர் குடியேறுவது, அதனை எவர் தீர்மானிப்பது என்னும் விவாதம் அத்தீர்மானத்துடனேயே மீண்டும் சபைக்கு வந்து சேர்ந்தது.